கருவாட்டு மூட்டையும் காணாமல் போன நாலாயிரமும்

பாபு போன வாரம் போன் செய்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் என் எடைமேடைக்கு அடுத்த எடைமேடையில் வேலை பார்த்தவன், என்னைவிட வயதில் சிறியவன்.

"அண்ணாத்தே, எங்க மேடைக்கும் கேமரா போட்டுட்டானுங்கோ. ஆளே வேணாமாம். இந்த மாசத்தோட சரி. நீ அந்த வருஷம் அடி மேல அடி வாங்கினியே, எப்டி எந்திரிச்ச? கொஞ்சம் எய்தி அனுப்பு. வாயால சொன்னா மறந்துடுவேன்."

எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. தினமும் மாலையில் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு. "எங்க வூட்டுக்காரரு தும்மினாகூட எய்தி வெப்பாரு" என்று என் மனைவி ரீட்டா ராயபுரத்தில் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் பாபு கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. கருவாட்டில் தொடங்கித்தான் வர வேண்டும்.

தொழில் கற்றுக்கொண்ட கதை சின்னது. கொருக்குப்பேட்டை சரக்கு ஷெட்டில் மூட்டை எண்ணும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். வெயில் தாங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் எடைமேடை முதலாளி அண்ணாச்சியிடம் அனுப்பி வைத்தார். எடைமேடை அறைக்குள் மின்விசிறி சுழன்றது. சேர்ந்துவிட்டேன்.

எடைமேடை தெரியாதவர்களுக்கு: சாலையோரம் தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக ஒரு நீண்ட இரும்புத் தளம் இருக்கும். லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியில் எடை விழும். முதலில் காலி வண்டியை நிறுத்தி எடை போட வேண்டும். சரக்கு ஏற்றி வந்ததும் இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போய்வரும் லாரிகள்தான் எங்களுக்குப் பிழைப்பு. நாங்கள் கொடுக்கும் சின்னச் சீட்டை வைத்துத்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் பணம் பேசுவார்கள்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மேடை அவருடையது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் அவர் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று: அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சீட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். வண்டி எண், காலி எடை, சுமை எடை, நேரம். திட்டுவார் என்று எதிர்பார்த்து நிற்கிறவனுக்கு அந்த வாசிப்பு திட்டைவிட மோசம்.

காலை வேலைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வந்தவுடன் மேடையைப் பெருக்க வேண்டும். மேடைக்கும் சுற்றுச் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் கல் சிக்கியிருந்தால் கம்பியால் நோண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் எடை காட்டும் பெட்டியைப் போட வேண்டும். பெட்டிக்கு உயிர் வந்ததும், அந்த நேரத்தில் மேடைமேல் என்ன இருந்தாலும் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குக் கண் கிடையாது. சனிக்கிழமைகளில் இருபது கிலோ எடைக்கற்களை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, எல்லா இடத்திலும் ஒரே எடை வருகிறதா என்று பார்ப்போம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் நல்ல மழை. காலையில் வந்து அறை வாசலிலிருந்து பார்த்தேன். மேடை கழுவிவிட்டதுபோல் பளபளவென்று இருந்தது. இதைப் பெருக்குவானேன் என்று நேராக உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டேன். பூஜ்யம் வந்தது. வேலை தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை வந்தார். எங்கள் நிரந்தர வாடிக்கை, லாரி ஓட்டுநர்.

"இன்னாபா சேவியரு, என் இரும்ப எவன் துன்னான்?"

"என்னாச்சுண்ணே?"

"நூத்தியிருவது கிலோ கொறையுது. மார்க்கெட்ல ஒரு கணக்கு, உன்கிட்ட ஒரு கணக்கு. சரக்கு வாங்கற சேட்டு என்னிய திருடன்றான்."

அவரை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுப்பதற்குள் இன்னொரு ஓட்டுநர் வந்தார். பிறகு இன்னொருவர். மூவருக்கும் ஒரே புகார். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று காலை வேறு பல வண்டிகளும் எடை போட்டுப் போயிருந்தன. அவர்கள் யாரும் வாயே திறக்கவில்லை.

அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார், நாற்காலியைப் போட்டார், படித்தார். படித்து முடித்துத் தலையைத் தூக்கினார்.

"வேற வேற வண்டி, வேற வேற சரக்கு, வேற வேற ஆளு. கொறை மட்டும் ஒண்ணு போல இருக்கு, பாத்தியா? திருட்டுன்னா இப்படிப் போவாதுவே. திருடன் என்ன தராசக் கையில வெச்சிக்கிட்டா திருடுவான்?"

ஏழுமலைகூடச் சிரித்துவிட்டார்.

"கொறை சரக்குல இல்ல. தொடக்கத்துல இருக்கு. வா."

எழுந்து மேடையைச் சுற்றி நடந்தார். என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மறைக்கும் மூலை ஒன்று உண்டு. அங்கே போய்க் குனிந்து எதையோ பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த நெத்திலித் தலை.

மதியம் கருவாடு விற்றுச் சந்தையிலிருந்து திரும்பிய பெண்களில் ஒருத்தியை நிறுத்திக் கேட்டோம். பக்கத்துக் குப்பத்துக்காரி, ஞாயிறு மேடைக்கு விடுமுறை என்பதால் அந்த இரும்புத் தகட்டில் கருவாடு காயவைக்கும் கூட்டத்தில் ஒருத்தி.

"ஆமா நைனா, நேத்து மய பேஞ்சுதுல்ல? கீழல்லாம் தண்ணி. உன் மேடதான் ஒசரமா கீதேன்னு மூட்டையெல்லாம் அங்க வெச்சோம். காத்தால நீ உள்ள பூந்தப்புறம் தூக்கினு போனோம். இன்னா, வாடக கேக்கறியா?"

விஷயம் இதுதான். மூட்டைகளோடு சேர்த்துப் பெட்டி பூஜ்யம் எடுத்துவிட்டது. அது பூஜ்யத்துக்குக் கீழே காட்டாத பழைய பெட்டி, மூட்டைகள் போனது எனக்குத் தெரியவில்லை. மூட்டைகள் போனபின் ஏறிய ஒவ்வொரு வண்டிக்கும் அந்த அளவு எடை குறைந்தது. அன்றே காலியாகவும் சுமையோடும் எடை போட்டவர்களுக்கு இரண்டிலும் குறைந்ததால், கழித்துப் பார்க்கும்போது கணக்கு சரியாக வந்துவிட்டது. சனிக்கிழமை காலி எடை போட்டுவிட்டுத் திங்கட்கிழமை சுமையோடு வந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி மூன்று வண்டிகளுக்கும் மறுபடி எடை போட்டுக் கொடுத்து, சேட்டிடம் தானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கருவாட்டுக்காரிகளை விரட்டவில்லை. "பெட்டி போடுததுக்கு முன்னாடி எடுத்துருங்க தாயி" என்று மட்டும் சொன்னார். என்னிடம், "இனிமே பெட்டியப் போடுததுக்கு முன்னாடி மேடைய ஒரு சுத்து சுத்தி வா" என்றார். மேடையை விட்டு வந்த நாள்வரை சுற்றினேன். அந்தச் சுற்று கடைசியில் என் வீட்டுக்குத்தான் அதிகமாக உதவியது.

அண்ணாச்சி வயதாகி ஊருக்குப் போனார். அவர் மகன் பொறுப்பேற்றார், நல்ல பிள்ளை. கேமரா வந்தது, கணினி வந்தது. ஒருநாள் என்னை உட்காரவைத்து, "சேவியர் அண்ணே, உங்களுக்கு ஒரு தொகை தர்றேன், சந்தோஷமா வீட்ல இருங்க" என்றார். ஐம்பதைத் தாண்டியிருந்தேன். சந்தோஷமாகத்தான் வந்தேன். பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டேன். வட்டி வரும், ரீட்டா தையல் தைக்கிறாள், இரண்டு பேருக்கு என்ன செலவு?

இரண்டாவது மாதம் ரீட்டா காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை. வைப்பில் ஒரு பகுதி போயிற்று, நகைகள் அடகுக்குப் போயின, மிச்சத்துக்குக் கடன். தையல் இயந்திரத்தின்மேல் துணி போர்த்தி மூடினோம். எனக்குச் சர்க்கரை ஏறியது, கூடவே கொழுப்பும். தூக்கம் போயிற்று. பாபு சொன்ன 'அடி மேல அடி' இதுதான்.

ஆனாலும் பயப்படவில்லை. எழுதிக் கணக்குப் போடுகிறவனுக்கு ஒரு தைரியம் உண்டு. வலையும் கயிறும் விற்கும் கடை ஒன்றில் மதிய வேளைக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கடன் தவணை, அடகு வட்டி, மருந்து, அரிசி எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்தால் சரியாக வந்தது. அப்பா துறைமுகத்தில் உழைத்துக் கட்டிய இரண்டு அறை வீடு இருக்கிறது. வாடகை இல்லை. தாண்டிவிடலாம்.

மாதக் கடைசியில் நாலாயிரம் குறைந்தது.

பால்காரரிடம் கேட்டேன். மருந்துக் கடைச் சீட்டுகளை மறுபடி கூட்டினேன். பிசியோதெரபிக்குப் போன ஆட்டோச் செலவைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. அடுத்த மாதம் செய்தித்தாளை நிறுத்தினேன், மாலைத் தேநீரை நிறுத்தினேன். மிச்சம் பிடித்தது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் நாலாயிரம் மறுபடியும் குறைந்தது. வைப்பிலிருந்து எடுத்துச் சமாளித்தேன். வைப்பு குறைந்தால் வட்டி குறையும், வட்டி குறைந்தால் தவணை நிற்கும்.

பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே புகுந்தது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி இருந்தது. எனக்கும் தொடங்கிவிட்டதோ? மூன்றாவது மாதமும் அதே கதையானபோது, என் கூட்டலை நானே நம்பாத நிலைக்கு வந்தேன். வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். கடனை ஒரே அடியாக அடைத்துவிட்டு, மீஞ்சூர் தாண்டி எங்காவது சின்னதாக வாடகைக்குப் போய்விடலாம். எதையும் கூட்டிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு வாழ்க்கை வேண்டியிருந்தது எனக்கு.

செல்வம் என்ற தரகர் டேப்போடு வந்தார். முன்னறையை அளந்துவிட்டு உள்ளறை வாசலில் நின்றார். ரீட்டா கட்டிலில் இருந்தாள்.

"இன்னாங்க, டேப்பு இன்னாத்துக்கு? எனக்கு சவப்பொட்டி செய்யவா?"

செல்வம் வெளியே போய்விட்டார்.

"வித்துட்டு எங்க போவீங்கோ? நடக்க முடியாதவள கூட்டினு கண்காணாத ஊருக்கா? இங்கன்னா நான் கூப்ட்டா நாலு பேரு வருவாங்கோ. அங்க யாரு கீறாங்கோ, பனமரமா?"

"கணக்கு உதைக்குது ரீட்டா."

"உங்க கணக்கு உதைக்கறதுக்கு என் வூடு இன்னா பண்ணுச்சு?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாகத் தரகரை அனுப்பிவைத்தேன். அவர் போனபின் உட்கார்ந்து மூன்று மாதக் குறையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். நாலாயிரம். நாலாயிரம். நாலாயிரம். என்னை அறியாமல் சத்தமாகப் படித்திருக்கிறேன். படிக்கும்போதே அண்ணாச்சியின் குரல் காதில் விழுந்தது: திருடன் என்ன தராசக் கையில வெச்சிக்கிட்டா திருடுவான்?

பால் விலை மாறியது. மருந்து மாறியது. தேநீர் நின்றது. குறை மட்டும் மாறவில்லை. அப்படியானால் குறை செலவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. மனதுக்குள் என் மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் கூடப்பிறந்த பிலோமினா அக்கா நின்றிருந்தாள்.

அக்கா எண்ணூர் முகத்துவாரத்தின் அருகே ஒரு குப்பத்தில் இருக்கிறாள். அத்தான் கடலில் இறந்தபின், பிள்ளை சின்னவனாக இருந்த நாளிலிருந்து மாதாமாதம் அவளுக்குப் பணம் கொடுத்துவருகிறேன். ஆண்டுகள் போகப் போகத் தொகை ஏறி நாலாயிரத்தில் வந்து நின்றிருந்தது. ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரியக் கூடாது, எழுதி வைத்தால் புண்ணியம் போய்விடும் என்று அப்பா சொல்லி வளர்த்தவர். அதனால் சம்பளத்தை ரொக்கமாக வாங்கியதும் அக்கா பங்கைச் சட்டைப் பையில் தனியே வைத்துவிட்டு, மீதியைத்தான் சம்பளம் என்று எழுதுவேன். அது வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. கணக்கு எப்போதும் சரியாக வந்தது, அன்றே இருமுறை எடை போட்ட லாரிகளைப் போல.

வேலை போனபின் வைப்பு வட்டியும் கடைச் சம்பளமும் வங்கி வழியாக வந்தன. வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி முழுத் தொகையும் வரவில் ஏறியது. அக்கா பங்கு மட்டும் வழக்கம்போல் எழுதாமல் போய்க்கொண்டிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். என் கையால்தான் கொடுத்தேன். அதைச் செலவு என்று எண்ணும் இடமே என் தலைக்குள் இல்லை.

உள்ளே போய் ரீட்டாவிடம் சொன்னேன்.

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத மாசமே தெரியும். அண்ணி மேட்டரு. நான் வாயத் தொறந்தா, படுத்துகினே நாத்தனார வெட்டி வுட்டாடான்னு ஊரே பேசும். நீங்களே வருவீங்கோன்னு பாத்தேன். நீங்க இன்னாடான்னா டேப்ப எடுத்துகினு வர்றீங்கோ."

சனிக்கிழமை எண்ணூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை. அக்கா, கொஞ்ச காலத்துக்கு மட்டும். அக்கா, பாதியாவது. தம்பி கைவிட்டுவிட்டான் என்று அவள் நினைத்துவிட்டால்? அத்தான் அடக்கத்தன்று அவளுக்கு நான் கொடுத்த வாக்கு அது. அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வீட்டை விற்பதே சுலபம் என்றுகூடத் தோன்றியது.

அக்கா வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் நீளமாகப் போயின.

"இன்னாடா, இன்னிக்கு வந்துகீற? ரீட்டாவுக்கு இன்னா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா." பஸ்ஸில் செய்த ஒத்திகை ஒன்றும் வரவில்லை. "மாசக் காசு... இனிமே முடியாதுக்கா."

அக்கா நண்டைச் சட்டிக்குள் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாதாவே! எத்தினி வருசமாடா உன்கிட்ட இத நான் சொல்லலான்னு பாக்கறேன்! என் புள்ள துறைமுகத்துல வேலைக்குப் பூந்து எவ்ளோ நாளு ஆச்சு? எனுக்கு எதுக்குடா உன் காசு? வேணான்னா உன் மூஞ்சி தொங்கிப்பூடுமேன்னு வாங்கினு இருந்தேன்."

"அப்ப அந்தக் காச என்னக்கா பண்ண?"

"துன்னியே, மறந்துட்டியா? ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம நண்டு, இறா, வஞ்சிரம்னு தூக்கினு வர்றேனே, எல்லாம் உன் காசுதான்! பஸ்ஸுல கண்டக்டரு நாறுதுன்னு அட்ச்சி தொரத்தாத கொற!"

அக்கா வாராவாரம் இவ்வளவு கொண்டுவருகிறாளே, வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று ரீட்டா பண்டிகைக்குப் பண்டிகை அவளுக்குப் புடவையும் அவள் பிள்ளைக்குச் சட்டையும் எடுத்தது வேறு கதை. அதையெல்லாம் 'துணி' என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். அந்த இறால் வறுவலைத்தான் டாக்டர் கொழுப்பு என்று என் ரத்தத்தில் கண்டுபிடித்திருக்கிறார். என் தர்மம் பஸ் ஏறிவந்து என் தட்டிலேயே விழுந்து, அங்கிருந்து என் இதயக் குழாய்வரை போயிருக்கிறது.

தரகரிடம் ஞாயிறுவரை காத்திருக்காமல் அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். குறை நின்றது. கடன் தவணை தவறவில்லை. முன்னறையின் தெருப்பக்கத்தை மாலை வேளைகளில் பஜ்ஜி போடும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டோம். எனக்குப் பஜ்ஜி தரக் கூடாது என்பது ரீட்டா போட்ட நிபந்தனை. அவள் கோலோடு நடந்து, கோலை விட்டு, இயந்திரத்தின் துணியை எடுத்தாள். நகைகளில் ஒன்றிரண்டு வீடு திரும்பின, மற்றவை திரும்பும். நான் காலையில் துறைமுகச் சுவரோரம் நடக்கிறேன். சர்க்கரை இறங்கியது. தூக்கம் தானாக வந்தது. கூட்டல் பிசகவில்லை என்று தெரிந்ததும் பாதி நோய் போய்விட்டது என்பேன்.

ஆகவே பாபு, உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் உன் மேடையை ஒரு சுற்று சுற்றி வா. ஜன்னலிலிருந்து தெரியாத மூலைக்கும் போ. அங்கே இருப்பது நல்ல காரியமாகவே இருக்கலாம், அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை எடைக்குள் கொண்டுவா. சம்பந்தப்பட்ட ஆளிடம் வாய்விட்டுக் கேள். நானும் ரீட்டாவும் அக்காவும், ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் வாயைக் கட்டிக்கொண்டதில் ஒரு வீடே போக இருந்தது.

நான் எண்ணூர் போய்வந்ததற்கு அடுத்த ஞாயிறு அக்கா வந்தாள். பையும் இல்லை, வாளியும் இல்லை. கையை வீசிக்கொண்டு படியேறினாள். ரீட்டா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னா அண்ணி, வெறுங்கையோட வந்துகீற?"

"உன் வூட்டுக்காரன் காசு நிறுத்திட்டாண்டி. இன்னா ஆக்கி வெச்சிகீறான்?"

"சாம்பாரு."

அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தாள். செல்வம் டேப் வைத்து அளந்த அதே சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.